தீர்ப்புக் கூறாத நடுவர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரு தீங்கு நிகழ்ந்தவுடன் ‘யார் செய்தார்? அவருக்கு என்ன தண்டனை?’ என்று கேட்பது நம் வழக்கம். ‘யாருக்கு வலித்தது? அவருக்கு இப்போது என்ன வேண்டும்? அதைச் சரிசெய்யும் கடமை யாருடையது?’ என்று கேட்கும் மற்றொரு முறையும் உண்டு. அதனை மறுசீரமைப்பு நீதி என்பர். அவ்வினாக்களை எழுப்பி, இரு தரப்பாரையும் பேசவைக்கும் நெறியாளரின் பணி எத்தகையது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மனுநீதிச் சோழன் கதையை நாம் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள். திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் ஒரு பசுங்கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. நிகழ்ந்ததை அறிந்த மன்னன் தன் ஒரே மகனை அதே வீதியில் கிடத்தித் தேரைச் செலுத்தினான். சோழனின் நடுவுநிலைமையை வியந்து நாம் கதையை அங்கே முடித்துக்கொள்கிறோம்.

மணியடித்த பசுவின் பக்கம் நின்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அது கேட்டது என்ன? மற்றொரு தாயின் பிள்ளையும் இறக்க வேண்டும் என்பதா அதன் விருப்பம்? வாயில்லா உயிராகையால் அதனிடம் யாரும் கேட்கவில்லை. பெரியபுராணத்தில் இறைவன் எழுந்தருளிக் கன்றையும் இளவரசனையும், இடையில் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட அமைச்சனையும் உயிர்ப்பித்துத் தருகிறார். நம் தெருக்களில் அவ்வாறு நிகழ்வதில்லை. குற்றவாளி தண்டனை பெற்றுச் சென்ற பின்னரும் பாதிக்கப்பட்டவரின் இழப்பு அவ்வாறே கிடக்கிறது. வாயுள்ள மனிதர் வந்து நிற்கும்போதும் ‘உமக்கு என்ன வேண்டும்?’ என்று நாம் கேட்பதில்லை.

ஆயினும், அக்கதையில் ஒரு மணி இருந்தது. துன்புற்ற உயிர் தானே வந்து அடிக்கத்தக்க மணி அது. இன்றைய குற்ற வழக்குகளில் வழக்கை நடத்துவது அரசு. பாதிக்கப்பட்டவர் அவ்வழக்கில் ஒரு சாட்சி. அழைத்த நாளில் வந்து, கேட்ட வினாவிற்கு மட்டும் விடையளித்துவிட்டுச் சாட்சிக்கூண்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். நார்வே நாட்டுக் குற்றவியல் அறிஞர் நில்ஸ் கிறிஸ்டி, 1977 ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், ஒரு பிணக்கு என்பது அதில் சிக்கியவர்களின் உடைமை என்றார். வழக்கறிஞர்களும் அரசும் அவ்வுடைமையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டனர் என்பது அவரது வாதம். பிணக்கை உடைமை என்று சொல்வது முதலில் விந்தையாகத் தோன்றும். தம் வீட்டில் திருட்டுப் போனவர் ஒருவரிடம் சற்று நேரம் பேசிப் பாருங்கள். அது விந்தையன்று என்பது விளங்கும்.

எல்மைராவின் கதவுகள்

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் எல்மைரா என்னும் சிற்றூர் உள்ளது. 1974 ஆம் ஆண்டு மே மாதத்து இரவொன்றில் மது மயக்கத்தில் இருந்த இரண்டு இளைஞர்கள் அவ்வூரைச் சுற்றி வந்தனர். மகிழுந்துகளின் சக்கரங்களைக் கத்தியால் கிழித்தனர். சன்னல் கண்ணாடிகளை உடைத்தனர். ஒரு படகைச் சேதப்படுத்தினர். விடிந்தபோது 22 பேருடைய உடைமைகள் பாழாகிக் கிடந்தன. இருவரும் பிடிபட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

அவர்களைப் பற்றி நீதிமன்றத்திற்கு அறிக்கை அளிக்க வேண்டிய நன்னடத்தை அலுவலர், வழக்கமான பரிந்துரையோடு நிற்கவில்லை. அவ்விருவரும் தாம் பாழ்படுத்திய ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்தால் நலம் பயக்கும் என்று அவர் எழுதினார். நீதிபதி முதலில் தயங்கினார். பின்னர் அதற்குக் காலம் அளித்து ஆணையிட்டார். நன்னடத்தை அலுவலரும் தன்னார்வலர் ஒருவரும் உடன் செல்ல, இளைஞர்கள் ஒவ்வொரு வீடாகச் சென்று கதவைத் தட்டினர். உடன் சென்ற இருவரும் குறிப்பேட்டுடன் சற்றுப் பின்னே நின்றுகொண்டனர். பேச வேண்டியவர்கள் இளைஞர்களே. சிலர் சினந்தனர், சிலர் அறிவுரை கூறினர். ஒவ்வொருவருக்கும் நேர்ந்த இழப்பு கணக்கிடப்பட்டது. சில மாதங்களில் இளைஞர்கள் இழப்பீட்டைத் தாமே திரும்ப அளித்தனர்.

இன்றைய பயிற்சி பெற்ற நெறியாளர் ஒருவர் இந்நிகழ்வைக் கேட்டால் திடுக்கிடுவார். முன்னறிவிப்பு இல்லாமல் பாதிக்கப்பட்டவரின் கதவைத் தட்டுவதா? அவர் இளைஞர்களைக் காண விரும்பவில்லையெனில் என் செய்வது? அச்சத்தில் உறைந்து போகும் முதியவராக இருந்தால்? எல்மைராவில் தீமை ஏதும் விளையாதது நற்பேறு. பின்னர் வளர்ந்த பயிற்சிமுறைகள் பெரும்பாலும் அந்தத் திடுக்கிடலுக்கு விடை காணும் முயற்சிகளே. எனினும், வாயிற்படியில் இரண்டடி பின்னே நின்ற அவ்விருவரின் நிலை நெறியாளர் பணிக்கு இன்றும் பொருந்தும் படமாகும்.

அறையை விட்டு வெளியேறும் அலுவலர்

நியூசிலாந்தில் இம்முறை சட்டமாகவே உருப்பெற்றது. அங்குள்ள தொல்குடியினரான மாவோரி மக்கள், தங்கள் குழந்தைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு அரசு இல்லங்களில் அடைக்கப்படுவதை நெடுங்காலம் எதிர்த்து வந்தனர். அதன் விளைவாக 1989 ஆம் ஆண்டு குழந்தைகள், இளையோர், அவர்தம் குடும்பங்கள் குறித்த சட்டம் இயற்றப்பட்டது. தவறிழைத்த சிறுவர் பற்றிய முடிவைக் குடும்பத்தினர் கூடிப் பேசி எடுக்கும் குடும்பக் குழுக் கூட்டத்தை அச்சட்டம் ஏற்படுத்தியது. பாதிக்கப்பட்டவருக்கும் அதில் கலந்துகொள்ளும் உரிமை உண்டு.

அக்கூட்டத்தின் ஒரு கூறு கூர்ந்து நோக்கத்தக்கது. நிகழ்ந்தவை அனைத்தும் பேசப்பட்ட பின்னர், சிறுவரின் குடும்பத்தினர் மட்டும் தனித்துக் கலந்து பேச நேரம் அளிக்கப்படுகிறது. அப்போது கூட்டத்தை ஒருங்கிணைக்கும் அலுவலர் அறையை விட்டு வெளியேறிவிடுகிறார். தாம் இல்லாமலே தீர்வு பிறக்கக்கூடும் என்று நம்பி, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பதும் அவர் பணியின் ஒரு பகுதி. நம்மில் எத்தனை பேரால் அது இயலும் என்பது ஐயமே.

1991 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகரக் காவல்துறையினர் நியூசிலாந்து முறையைத் தழுவித் தங்களுக்கெனக் கூட்டங்களை நடத்தினர். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள், அதன் பின்னர் என்ன தோன்றியது, யார் யார் பாதிக்கப்பட்டனர், சரிசெய்ய என்ன தேவை என்னும் போக்கில் அமைந்த எளிய வினாக்கள் அங்கிருந்து பல நாடுகளின் பள்ளிகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் பரவின. அவ்வினாக்களுள் ‘ஏன்’ என்னும் சொல் இடம்பெறாததைக் கவனிக்க வேண்டும். ‘ஏன் செய்தாய்?’ என்று கேட்டால் சிறுவன் ஒரு சாக்கைத் தேடுவான், ‘என்ன நடந்தது?’ என்று கேட்டால் நிகழ்ந்ததைச் சொல்லத் தொடங்குவான்.

தெரியுமா?

கனடாவின் தொல்குடி மக்கள் சிலரிடையே, வட்டமாக அமர்ந்து ஒரு பொருளைக் கைமாற்றிப் பேசும் வழக்கம் உண்டு. அப்பொருள் கழுகின் இறகாகவோ கோலாகவோ இருக்கலாம். அது யார் கையில் உள்ளதோ அவர் மட்டுமே பேசுவார், ஏனையோர் கேட்பர். பேச விரும்பாதவர் அதை அடுத்தவரிடம் தந்துவிடலாம். 1992 ஆம் ஆண்டு அந்நாட்டின் யூகான் பகுதி நீதிபதி ஒருவர், இவ்வழக்கத்தையொட்டி நீதிமன்றத்திலேயே அனைவரையும் வட்டமாக அமரச் செய்து தண்டனை குறித்துக் கலந்து பேசினார்.

தள்ளுவண்டி: ஒரு கற்பனைச் சூழல்

நெறியாளரின் பணியை விளக்க ஒரு சூழலைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு பெண்மணி தெருமுனையில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை நடத்துகிறார். ஓரிரவு, மேட்டில் நிறுத்தியிருந்த அவ்வண்டியை மூன்று மாணவர்கள் விளையாட்டாகத் தள்ளிவிடுகின்றனர். வண்டி உருண்டு சாக்கடை ஓரம் கவிழ்கிறது. சக்கரம் முறிகிறது, அடுப்பு நசுங்குகிறது, நான்கு நாள்கள் கடை இல்லை. மாணவர்கள் யாரென்று தெரிந்துவிட்டது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஊரார் எண்ணுகின்றனர். அதற்கு உங்களை அழைக்கின்றனர்.

உடனே இரு தரப்பாரையும் ஓரிடத்தில் கூட்டுவது தவறு. முதலில் மாணவர்களைத் தனித்தனியே சந்திக்க வேண்டும். தாம் செய்ததை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லையெனில் கூட்டமே கூடாது. கடைக்காரப் பெண்மணியை அழைத்து வந்து, அவர் முன்னிலையில் ‘நாங்கள் செய்யவில்லை’ என்று சொல்லவைப்பது அவருக்கு இரண்டாம் முறை இழைக்கும் தீங்காகும். ஒப்புக்கொண்டால் அடுத்து அப்பெண்மணியிடம் செல்ல வேண்டும். காலை வணிகம் முடிந்து பாத்திரங்கள் கழுவிய பின், அவருக்கு ஓய்வான நேரத்தில் செல்ல வேண்டும். அவர் பேசுவதை இடைமறிக்காமல் கேட்க வேண்டும்.

கேட்டால்தான் நாம் எதிர்பாராத ஒன்று வெளிப்படும். சக்கரத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. “இரண்டு மாதத்திற்கு முன் ஒருவருக்குக் கடன் தர மறுத்தேன். அவர்தாம் ஆள்வைத்துச் செய்தாரோ? நான் தனியாக இருக்கிறேன். இரவில் ஏதேனும் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்” என்கிறார். மாணவர்களோ அது யாருடைய வண்டி என்பதையே அறியாதவர்கள். இவ்வொரு செய்தி அவருக்குக் கிடைத்தால் அன்றிரவு அவர் உறங்கக்கூடும். எந்த அபராதத் தொகையும் அதைத் தராது. இத்தகைய செய்தியை நெறியாளரே முந்திக்கொண்டு சொல்லிவிடலாகாது. மாணவர்கள் வாயிலாக அவர் அதைக் கேட்க வேண்டும்.

ஒவ்வொருவரிடமும் இரண்டு செய்திகளைத் தெளிவாகக் கூற வேண்டும். ஒன்று, இக்கூட்டத்திற்கு வருவது அவரவர் விருப்பம். வேண்டாம் என்று எப்போதும் விலகலாம். மற்றொன்று, தமக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம். ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக மன்றம் 2002 ஆம் ஆண்டு வகுத்த அடிப்படை நெறிகளும் தன்விருப்பத்தை வலியுறுத்துகின்றன. பெண்மணி ‘நான் அவர்கள் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை’ என்றால், பேச்சு அங்கே முடிந்தது. ‘பெரிய மனத்துடன் வாருங்கள் அம்மா’ என்று வற்புறுத்தும் உரிமை நெறியாளருக்கு இல்லை.

கூட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடலாம். அதற்கான ஆயத்தம் இரண்டு வாரம் பிடிக்கலாம். புதிதாகப் பயில்வோர் இவ்வாயத்தத்தைச் சடங்காகக் கருதிச் சுருக்கிவிடுகின்றனர். பணியின் பெரும்பகுதி அதுவே.

வட்டத்தில் அமர்ந்தபின்

மேசை வேண்டாம், ஒரே உயரமுள்ள நாற்காலிகள் போதும். ஒருவர் நாற்காலியிலும் மற்றவர் தரையிலும் அமர்ந்தால் கூட்டம் தொடங்குமுன்பே முடிவு தெரிந்துவிட்டது என்று பொருள். பெண்மணி எங்கே அமர வேண்டும் என்பதை அவரே தேர்ந்துகொள்ளட்டும்.

இனி, தமிழில் பேசும் நெறியாளருக்கே உரிய இடர் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரு சொல்லே பெரிதும் வழங்குகிறது. நமக்கு ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்று படிகள் உள்ளன. மாணவனின் தந்தையை ‘ஐயா, நீங்கள் சொல்லுங்கள்’ என்று அழைத்துவிட்டு, கடைக்காரப் பெண்மணியை ‘நீ சொல்லம்மா’ என்று அழைத்தால், யார் பக்கம் நாம் நிற்கிறோம் என்பதை நம் இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடும். மாணவர்களை ‘நீ’ என்று ஒருமையில் விளித்தால் அவர்கள் குற்றவாளிகளாகக் கூனிக் குறுகுவர், பேச்சு எழாது. எனவே, வட்டத்தில் அமர்ந்த அனைவருக்கும் ‘நீங்கள்’ ஒன்றே உரியது. பழக்கத்தால் நா பிறழும். பயிற்சியில் இதற்கே சில நாள்கள் ஒதுக்கலாம் என்பது என் கருத்து.

மாணவன் ஒருவன் பேசத் தொடங்குகிறான், பாதியில் நின்றுவிடுகிறான். அமைதி நீள்கிறது. நமக்குப் பதற்றம் வருகிறது. ‘அதாவது, அவர் வருந்துகிறார் என்று சொல்ல வருகிறார்’ என்று இட்டு நிரப்பத் தோன்றும். கூடாது. மனத்திற்குள் பத்து வரை எண்ணலாம். இருபது வரையிலும் எண்ணலாம். அந்த அமைதியில்தான் அவன் முதன்முறையாக அப்பெண்மணியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறான். “அது உங்கள் வண்டி என்று எங்களுக்குத் தெரியாது. யாருடையது என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை” என்கிறான். அவர் நெடுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு, தாம் மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவது முதல், கவிழ்ந்த வண்டியை விடியற்காலையில் கண்டது வரை சொல்லத் தொடங்குகிறார்.

இவ்விடத்தில் ஒரு மாணவனின் தந்தை எழுகிறார். “எவ்வளவு ஆயிற்று என்று சொல்லுங்கள். இப்போதே முழுத் தொகையையும் தந்துவிடுகிறேன். பிள்ளைகளுக்குத் தேர்வு வருகிறது” என்கிறார். நெறியாளருக்கு இதைவிடக் கடினமான நொடி இல்லை. பணம் உண்மையாகவே தேவைப்படுகிறது. தந்தையின் நோக்கமும் தீயதன்று. ஆனால், அத்தொகையை ஏற்றுக்கொண்டால் மாணவர்கள் கூட்டத்திலிருந்து வெளியேறிவிடுகின்றனர். அவர்களது கடமையைத் தந்தையின் பணப்பை வாங்கிக்கொள்கிறது. ‘அது முறையன்று’ என்று நெறியாளர் மறுத்தால், அவர் நீதிபதி ஆகிவிடுகிறார். அவர் செய்யத்தக்கது, பெண்மணியின் பக்கம் திரும்பி, “இதைக் கேட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று வினவுவதே. அவர், ‘சரி, பணம் போதும்’ என்றும் சொல்லலாம். அவ்வாறு சொன்னால் அது அவரது முடிவு. நெறியாளரின் ஏமாற்றம் அங்கே பொருட்டன்று. நம் கற்பனையில் அவர், “சக்கரத்துக்கான தொகையை மூன்று வீட்டாரும் பகிர்ந்து தரட்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு இந்தப் பிள்ளைகள் வந்து வண்டியை முனை வரை தள்ளித் தரட்டும். மேட்டில் தள்ளுவது எனக்கு முடியவில்லை” என்று கூறுவதாகக் கொள்வோம். வேறு யாருக்கும் தோன்றியிராத தீர்வு அது.

திருக்குறளின் ‘நடுவுநிலைமை’ அதிகாரம் சான்றோருக்குத் துலாக்கோலை உவமையாகக் காட்டுவதை நாம் பயின்றிருக்கிறோம். அரசனுக்கும் நீதிபதிக்கும் அவ்வுவமை மிகப் பொருந்தும். நெறியாளரோ எடைபோடுவதில்லை. எந்தத் தட்டு தாழ்ந்தது என்று அறிவிப்பது அவரது வேலையன்று. இரு தரப்பாரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்கத்தக்க நிலையை அவர் உண்டாக்குகிறார். அந்நிலை குலையாமல் காக்கிறார். ஏளனமோ மிரட்டலோ எழுந்தால் கூட்டத்தை நிறுத்தவும் அவருக்குத் துணிவு வேண்டும். நடுவுநிலை என்பது தீங்கு நிகழவில்லை என்பதுபோல் நடந்துகொள்வதன்று. வண்டி கவிழ்க்கப்பட்டது, அதில் இரு கருத்து இல்லை. மனிதர்களிடையே மட்டும் அவர் பக்கம் சாராதிருக்கிறார்.

உடன்பாட்டை எழுதும்போது சொற்கள் தெளிவாக அமைய வேண்டும். ‘மாணவர்கள் உதவி செய்வர்’ என்று எழுதினால் யாதொன்றும் நடவாது. யார், எதனை, எந்த நாளுக்குள், எத்தனை முறை என்பவை வேண்டும். இரண்டாவது ஞாயிறன்று ஒரு மாணவன் வரவில்லையெனில், அவனைத் தேடிச் சென்று காரணம் கேட்பதும் நெறியாளரின் பொறுப்பு. கூட்டம் முடிந்த மாலையில் எல்லோரும் கண்கலங்கி விடைபெறுவதைக் கண்டு, பணி முடிந்ததென்று எண்ணுவது பலரிடமும் காணும் குறை.

‘மன்னிப்புக் கேள்!’

ஆசிரியப் பணியில் பல்லாண்டுகள் கழித்த நானும் இக்கலையை அறியாமல் பிழை செய்திருக்கிறேன். ஒருமுறை கைகலப்பில் ஈடுபட்ட இரண்டு மாணவர்களை ஆசிரியர் அறைக்கு அழைத்தேன். ‘மன்னிப்புக் கேள், கைகுலுக்கு’ என்றேன். இருவரும் அவ்வாறே செய்தனர். நான் மனநிறைவோடு வகுப்பிற்குச் சென்றேன். மறுவாரம் மிதிவண்டி நிறுத்துமிடத்தில் மீண்டும் சண்டை. இம்முறை ஒருவனுக்குப் புருவத்தில் தையல். ஆண்டுகள் சில கடந்தபின், அடிபட்ட மாணவன் இளைஞனாக என்னைச் சந்தித்தபோது அதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசினான். “அவன் என் அம்மாவைப் பற்றிப் பேசினான், ஐயா. நீங்கள் அதைக் கேட்கவே இல்லை” என்றான். ஐந்து மணித்துளியில் முடித்துவிட வேண்டும் என்னும் அவசரம் அன்று எனக்கு இருந்தது. அடுத்த பாடவேளைக்கு மணி அடித்துவிட்டது என்பதே என் காரணம்.

கட்டளைக்குப் பணிந்து கேட்கும் மன்னிப்பு, கேட்பவனைச் சிறுமைப்படுத்துகிறது. பெறுபவனையோ மன்னித்தே ஆக வேண்டிய கட்டாயத்தில் நிறுத்துகிறது. மறுசீரமைப்பு நீதியில் மன்னிப்புக் கோருதலும் மன்னித்தலும் நிகழலாம், நிகழாமலும் போகலாம். அவை கூட்டத்தின் இலக்குகள் அல்ல. மன்னிக்க மறுத்த ஒருவர், தம் வினாக்களுக்கு விடை கிடைத்த அமைதியோடு வீடு திரும்பினால் அக்கூட்டம் தோற்றதாகாது.

கட்டப்பஞ்சாயத்து அன்று

இவ்வளவையும் கேட்ட பின்னர் ஒரு மாணவர், ‘இது நம் ஊர்ப் பஞ்சாயத்துதானே?’ என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வி அது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2011 ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கட்டப்பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டத்திற்குப் புறம்பானவை. அவற்றை ஒழித்தாக வேண்டும் என்று கடுமையாக உரைத்தது. சாதி கடந்து மணந்தவர்களை ஊர்விலக்கம் செய்வதும், அபராதம் விதிப்பதும், பாதிக்கப்பட்ட குடும்பத்தைப் பணம் கொடுத்து வாயடைக்கச் செய்வதும் அக்கூட்டங்களில் நிகழ்ந்தவை. அங்கே செல்வாக்குடையோர் தீர்ப்புரைக்கின்றனர்; எளியோர் பணிகின்றனர். வர மறுத்தால் ஊரில் வாழ இயலாது.

புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இரண்டிலும் மக்கள் கூடுகின்றனர். நீதிமன்றத்திற்கு வெளியே பேசுகின்றனர். இறுதியில் ஓர் உடன்பாடு எழுதப்படுகிறது. அதனாலேயே நெறியாளராக விழைபவர் மிக விழிப்பாக இருக்க வேண்டியுள்ளது. பாதிக்கப்பட்டவர் அச்சமின்றி ‘முடியாது’ என்று சொல்லக்கூடுமா என்பதே உரைகல். அவரால் சொல்ல முடியாதெனில், நாற்காலிகளை எத்துணை அழகாக வட்டமிட்டாலும் அது கட்டப்பஞ்சாயத்தே.

ஆகவே, சில குற்றங்களை ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்க்க முற்படலாகாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளும் சட்டப்படி இருதரப்பும் இணங்கி முடித்துக்கொள்ளத்தக்கவை அல்ல. ‘பெண்ணின் எதிர்காலத்தை நினைத்துப் பேசி முடித்துவிடலாம்’ என்று யாரேனும் உங்களை நெறியாளராக அழைத்தால், நீங்கள் செல்ல வேண்டிய இடம் காவல் நிலையம்.

சட்டம் திறந்துள்ள வாயில்களும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ்நாடு சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்த சமரச முறைக்கு இந்தியாவில் முன்னோடியாகும். 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தவறிழைத்த சிறுவருக்கு அறிவுரை, குழு ஆற்றுப்படுத்தல், சமூகப் பணி போன்றவற்றை ஆணையிட இளைஞர் நீதிக் குழுமத்திற்கு வழிவகுக்கிறது. 2023 ஆம் ஆண்டின் சமரசச் சட்டம், ஒரு பகுதியில் வாழ்வோரின் அமைதியைக் குலைக்கும் பிணக்குகளுக்கு மூன்று சமரசர்கள் கொண்ட குழுவின் வழியாகச் சமுதாயச் சமரசம் செய்ய இடமளிக்கிறது. அவ்வாறு எட்டப்படும் உடன்பாட்டை நீதிமன்ற ஆணையைப் போல நிறைவேற்றக் கோர இயலாது. அது நிலைப்பது அதில் கையெழுத்திட்டவர்கள் ஒருவர்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கையால்தான்.

எல்மைராவில் கதவுகளைத் தட்டிய இளைஞர் இருவருள் ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பின்னர், நடுவயதில் மீண்டும் கல்லூரியில் சேர்ந்து சட்டம் சார்ந்த படிப்பொன்றைப் பயின்றார். ஒருநாள் வகுப்பிற்கு வந்த விருந்துரையாளர் மறுசீரமைப்பு நீதியின் தோற்றத்தைப் பற்றிப் பேசினார். 1974 ஆம் ஆண்டு எல்மைராவில் நடந்த வழக்கை எடுத்துக்காட்டினார். தம்முடைய வாழ்க்கை பாடமாகிவிட்டதை அம்மாணவர் அன்றுதான் அறிந்தார். பின்னர் அப்பகுதியில் அப்பணியைச் செய்துவந்த அமைப்பைத் தேடிச் சென்று, அதில் தன்னார்வலராகச் சேர்ந்தார்.

கற்பவை கற்றபின்…

1. நால்வர் கொண்ட குழுவாகப் பிரிந்து, தள்ளுவண்டிச் சூழலைக் கூட்டமாக நடித்துக் காட்டுக. நெறியாளராக நடிப்பவர் ‘ஏன்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தாமல் வினவுக.

2. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருநாள் முழுவதும் ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் சொற்கள் யாரை நோக்கி, யாரால் வழங்கப்படுகின்றன என்பதைக் குறித்து வந்து வகுப்பில் பேசுக.

மதிப்பீடு

குறுவினா: கடைக்காரப் பெண்மணியின் அச்சத்தைப் போக்கும் செய்தியை நெறியாளரே கூறிவிடலாகாது என்பது ஏன்?

சிறுவினா: ‘முழுத் தொகையையும் தந்துவிடுகிறேன்’ என்று மாணவனின் தந்தை கூறியபோது நெறியாளர் எதிர்கொள்ளும் இக்கட்டினை விளக்குக.

நெடுவினா: மறுசீரமைப்பு நீதிக் கூட்டத்தையும் கட்டப்பஞ்சாயத்தையும் பிரித்தறியும் வழியை, நீங்கள் அறிந்த ஊர்ச்சூழல் ஒன்றோடு பொருத்தி எழுதுக.